உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், திருப்புலிவனம், திருமுக்கூடல் என்று இந்த வட்டாரத்து ஊர்களிலிருந்து காலையில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் செய்யாற்றுக்கும் படிக்கப் போகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். பி.காம். படிப்பவரும் இதில் சேர்த்தி, பி.எஸ்சி. கணிதம் படிப்பவரும் சேர்த்தி, பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாமாண்டு பொறியியலில் சேர்ந்தவரும் சேர்த்தி. உங்களில் பலருக்கு, வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நீங்கள்தான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியே என் காலம் போனது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டப்படிப்பு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். அதோடு கூடவே இந்த மூன்று நான்கு வருஷத்தில் ஐரோப்பாவின் பண்பாட்டையும் சிந்தனையையும் கொஞ்சம் படித்து வையுங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. வெளிநாடு போவதற்கான தயாரிப்பாகவும் இதைச் சொல்லவில்லை. போகிறவர்கள் போய் வாருங்கள். இங்கேயே இருந்து, இந்த ஊரிலேயே ஓட்டுப் போட்டு, இந்த ஊர் ஏரியைப் பார்த்துக்கொண்டே வாழப்போகிறவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு அதிகம் தேவை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருப்பீர்கள். அந்தச் சுவரில் இருப்பதை நிதானமாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், உத்திரமேரூர்ச் சபை கூடி, வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் எடுக்க ஒரு முறையை வகுத்தது. இரண்டே வருஷத்தில், 921இல், மறுபடி கூடி அதைத் திருத்தி விரிவாக எழுதியது. முதல் ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60. திருத்திய ஏற்பாட்டில் 35 முதல் 70. தாங்கள் போட்ட சட்டத்தையே இரண்டு வருஷத்தில் எடுத்து வைத்துத் திருத்திய ஒரு சபை நம் ஊரில் இருந்தது.

921ஆம் வருஷத்து முறை இப்படிப் போகிறது. குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று வாயோலை வைத்துக் குடத்தில் இடவேண்டும். சபையார் சிறியவர் பெரியவர் எல்லோரும் மண்டபத்தில் கூடியிருக்க, கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று குடத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். அவர் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கவேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

ஐந்து விரலையும் விரித்து வாங்கவேண்டும் என்ற விதியை மட்டும் தனியே எடுத்து யோசித்துப் பாருங்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடலாம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். மனிதன் தப்பு செய்வான் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு விதி எழுதியிருக்கிறார்கள். இப்படிப் பொறுப்புக்கு வந்தவர்களுக்குக் காலம் 360 நாள். பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் எழுதிப் போட முடியாது.

இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் உடனே மேடையேறி, உலகத்தின் முதல் தேர்தல் உத்திரமேரூரில்தான் நடந்தது என்று முழங்கிவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பேச்சு உண்மைக்குப் பொருந்தாது. நம் மரபிலேயே இது இன்னும் பழையது, குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77ஆம் பாட்டு உவமையாகச் சொல்கிறது. நம் மண்ணுக்கு வெளியே பார்த்தால், உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரம் குலுக்கல் முறையில் ஆள் எடுத்து ஆட்சி நடத்தியிருக்கிறது.

அங்கே 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபைக்கு 30 வயது நிரம்பிய குடிமக்களிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். நீதிமன்றத்தில் உட்கார ஆள் எடுப்பதற்கு ஒரு கல் பொறியே வைத்திருந்தார்கள். ஆள் உயரப் பலகைக் கல்லில் வரிசை வரிசையாகத் துளைகள். வந்தவர்களின் பெயர்த் தகடுகளை அந்தத் துளைகளில் செருகுவார்கள். பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமான துண்டுகளைப் போட்டு ஒவ்வொன்றாக விழ விடுவார்கள். வெள்ளை விழுந்த வரிசைக்கு அன்று வேலை, கறுப்பு விழுந்த வரிசை வீட்டுக்குப் போகலாம். அந்தக் கல்லின் உடைந்த பகுதிகள் ஆதென்ஸ் நகரத்துப் பழைய சந்தைவெளியில் தோண்டியெடுக்கப்பட்டு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதவி முடிந்தவர் கணக்குக் காட்டித் தணிக்கை முடியும் வரை ஊரை விட்டு வெளியே போக முடியாது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவனுக்குக் குடம் கிடையாது என்றால், ஆதென்ஸில் கணக்குக் காட்டாதவனுக்குப் பயணமே கிடையாது.

அந்த முறையை இவ்வளவு துல்லியமாக நாம் அறிவதற்குக் காரணம் ஒரு நூல். ஆதென்ஸ் நகரத்தின் ஆட்சிமுறை பற்றி அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் அந்த நூல் தொலைந்து போய்விட்டது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் அது இருப்பது தெரியவந்து 1891இல் லண்டனில் அச்சேறியது. யாரோ ஒரு பண்ணைக் கணக்கப்பிள்ளை எழுதிய வரவு செலவுக் கணக்கின் பின்பக்கத்தில் அது படியெடுக்கப்பட்டிருந்தது. ஏழு வருஷம் கழித்து, 1898இல், சென்னை மாகாணக் கல்வெட்டுத் துறையினர் நம் ஊருக்கு வந்து இந்தச் சுவரைப் படியெடுத்தார்கள். அந்த வருஷத்துத் தொகுப்பில் முதல் இரண்டு எண்கள் இந்த இரண்டு கல்வெட்டுகளுக்குத்தான். அப்போது அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர். அவருக்குக் கீழே வேலை பார்த்து, பிறகு அந்த இடத்துக்கே வந்தவர் வெங்கய்யா. இரண்டு ஊர்களின் குலுக்கல் விதிகளும் ஒரே பத்தாண்டுக்குள் உலகத்தின் பார்வைக்கு வந்தன.

இத்தாலியில் வெனிஸ் என்றொரு கடல் வணிக நகரம். அங்கே 1268 முதல் நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கலும் வாக்கும் மாறி மாறிப் பத்துச் சுற்று நடத்தினார்கள். 30 பேரைக் குலுக்கி எடுத்து, அவர்களை 9 பேராக்கி, அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை மறுபடி குலுக்கி என்று போய், கடைசியில் 41 பேர் உட்கார்ந்து தலைவரை முடிவு செய்வார்கள். எந்தக் குடும்பமும் முன்கூட்டியே பேசி முடித்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை சுற்று. குலுக்கலுக்கு உருண்டையை எடுத்துக் கொடுப்பவன் யார் தெரியுமா? கோயில் சதுக்கத்தில் முதலில் கண்ணில் படும் ஒரு சிறுவன். வெனிஸ்காரர்கள் உத்திரமேரூரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பெரியவர்கள் கையை நம்ப முடியாத இடத்தில் குழந்தையின் கையைத் தேடுவது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். ஆதென்ஸைப் படித்த பிறகு உத்திரமேரூர்ச் சுவர் முன்னால் போய் நில்லுங்கள். இதுவரை தோன்றாத கேள்விகள் தோன்றும். தேர்தலால் ஆள் எடுப்பது பணமும் பேரும் உள்ளவர்கள் ஆட்சிக்கு வழி, குலுக்கல்தான் மக்களாட்சியின் வழி என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 1748இல் பிரான்சு நாட்டு மாந்தெஸ்கியூவும் சட்டங்களைப் பற்றிய தம் பெருநூலில் அதையே சொன்னார். அப்படியானால் நம் ஊராட்சித் தேர்தலில் வீட்டுக்கு வீடு கவர் போவது எதனால்? எல்லோர் பெயரையும் எழுதிக் குடத்தில் போட்டால் என்ன ஆகும்? கிராமசபைக் கூட்டத்தில் போன வருஷத்துக் கணக்கை யார் கேட்டார்கள்? இதற்கெல்லாம் தயார் விடை என்னிடமும் இல்லை, ஐரோப்பாவிடமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளை மனிதர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகக் கேட்டு, எழுதி, சண்டை போட்டு, மாற்றி எழுதி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தவன் கிராமசபையில் எழுந்து பேசும் விதமே வேறாக இருக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது. குடத்தில் யார் பெயர் இருந்தது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் அன்றைக்கு ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். ஏரியைத் தூர் வாரியவர், நாற்று நட்டவர், தறி நெய்தவர், எந்தப் பெண்ணும், குடத்தில் கிடையாது. ஆதென்ஸிலும் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை, தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருந்த வெளியூர்க்காரர்களுக்கும் இடமில்லை. சிலர் பிறப்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் வாதாடினார். ஐரோப்பாவைப் படி என்று சொல்வதை ஐரோப்பாவைக் கும்பிடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த ஊர்க் குடத்தையும் கவிழ்த்து, உள்ளே யார் பெயர் இல்லை என்று பார்க்கப் பழகுவதுதான் படிப்பு.

இது வெறும் பழங்கதை இல்லை. 1948 நவம்பரில் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் இதே விவாதம் நடந்தது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டி.பிரகாசம் எழுந்து, காஞ்சிபுரத்துப் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்று காட்டினார். அதற்குச் சில நாட்களுக்கு முன், நவம்பர் 4ஆம் தேதி, அதே சபையில் அம்பேத்கர் பேசியிருந்தார். இந்தியக் கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடம், அதை அரசின் அடித்தளமாக்க முடியாது என்பது அவர் கருத்து. அதே உரையில் அவர் ஜார்ஜ் க்ரோட் என்ற ஆங்கில வரலாற்றாசிரியரை எடுத்துக்காட்டினார். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அரசியல் சட்டத்தின் நெறியை மக்கள் மனத்தில் வளர்க்கவேண்டும் என்ற கருத்தை ஆதென்ஸ் வரலாறு எழுதிய க்ரோட்டிடமிருந்துதான் அவர் எடுத்து வைத்தார். ஒரு பக்கம் உத்திரமேரூர், ஒரு பக்கம் ஆதென்ஸ். கடைசியில் கே.சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டு, பஞ்சாயத்துக்கான 40ஆம் பிரிவு பிறந்தது. ஆனால் அம்பேத்கரின் எச்சரிக்கை தீர்ந்துவிட்டதா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. நம் தமிழ்நாட்டில்தான். இந்த விவாதத்தின் இரு பக்கத்தையும் சொந்த அறிவால் எடை போட வேண்டுமானால் கல்வெட்டும் தெரியவேண்டும், க்ரோட்டும் தெரியவேண்டும்.

அந்த க்ரோட் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் போகாதவர். 16 வயதில் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து எடுத்துக் குடும்ப வங்கியில் உட்கார வைத்துவிட்டார். வங்கி வேலைக்கு முன்னும் பின்னும் கிரேக்க மொழி படித்தார். கிரீஸ் வரலாற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக எழுதினார். வேலையோடு வேலையாகப் படித்த ஒருவரின் புத்தகம் நம் அரசியல் சட்ட உரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில், 1909இல் பிறந்த ஒருவரைப் பாருங்கள். அவரை வளர்த்தவர் சிற்றன்னை. தொத்தா என்று கூப்பிடுவார். பச்சையப்பன் பள்ளியில் படிக்கும்போதே குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். மறுபடி படிக்க வந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் எடுத்து 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். அவர்தான் அண்ணா. அவருடைய பாடத்திட்டத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா இருந்திருக்க மாட்டார். ஆனால் ஏழை பங்காளர் எமிலி ஜோலா என்று அவர் எழுதிய நூல் இருக்கிறது. கிரேக்க ரோமானியக் கடவுள்களைப் பற்றி மாஜி கடவுள்கள் இருக்கிறது, ரோமாபுரி ராணிகள் இருக்கிறது. அவர் எழுதியது பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு இல்லை. 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கிய திராவிட நாடு இதழை டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அவருடைய முடிவுகளை எல்லாம் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர், உங்களைவிடக் கஷ்டமான நிலையில், பட்டத்தோடு கூடவே ஐரோப்பாவையும் படித்து, அதைத் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பதை மட்டும் பாருங்கள். 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை விருந்தாளியாக அழைத்தபோது அவருக்கு அங்கே பேசுவதற்குச் சரக்கு இருந்தது.

ஜோலாவை அண்ணா ஏன் எடுத்தார் என்பதும் முக்கியம். பிரான்சு நாட்டுப் படையில் ட்ரைஃபஸ் என்ற யூத அதிகாரி. ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்று 1894இல் பொய்க் குற்றம் சாட்டி அவரைத் தீவாந்தரத் தண்டனைக்கு அனுப்பினார்கள். உண்மைக் குற்றவாளி வேறொருவன் என்று தெரிந்த பின்னும் படைத்தலைமை மறைத்தது. 1898 ஜனவரி 13ஆம் தேதி, நாவலாசிரியரான ஜோலா, குடியரசுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல் எழுதி நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியிட்டார். மறைத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் குற்றம் சாட்டினார். அவர் மீதே அவதூறு வழக்குப் பாய்ந்தது, தண்டனை வந்தது, இங்கிலாந்துக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. ஆனாலும் 1906இல் ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவனைக் குற்றவாளியாக்கும் ஊர்களில் வாழும் நமக்கு இந்தக் கதை அந்நியமாகப் படாது. நான் உங்களுக்கு எழுதும் இந்தத் திறந்த மடல் என்ற வடிவத்துக்கே ஜோலா கொடுத்த வலிமை பெரிது.

உங்களில் சிலர் கோபத்தோடு கேட்பீர்கள்: நம்மை அடிமையாக்கியவனின் சிந்தனையை நாம் ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. 1763இல் ஆர்க்காட்டு நவாப் இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வெள்ளையர் ஆட்சியை முதலில் அனுபவித்த விவசாயிகளில் நம் முன்னோர் உண்டு. சுதந்திரத்தைப் பற்றி 1859இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். தாம் சொல்லும் சுதந்திரம் இன்னும் முதிராத சமுதாயங்களுக்குப் பொருந்தாது என்று அந்த நூலிலேயே எழுதி வைத்தார். நம்மைத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தையும் படியுங்கள். மில்லின் வாதத்தை மில்லின் மீதே திருப்பிப் போடக் கற்றவர்கள்தான் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். அறியாமல் வெறுப்பவனை யாரும் மதிப்பதில்லை. அறிந்து மறுப்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சிந்தனை ஒரே திசையில் ஓடவில்லை. எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்திப் பார்த்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக அச்சிட்டார். நம் சட்டாம்பிள்ளை முறை மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் வைத்துவிட்டுப் போன பணத்தில் ஸ்காட்லாந்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு அறை வீட்டில், டிவி சத்தத்துக்கும் சமையலுக்கும் நடுவில் உட்கார்ந்து அரியர் இல்லாமல் படித்துத் தேறுகிற உங்களைப் பார்த்து நான் பல தடவை மலைத்திருக்கிறேன். வர்ஜீனியா வுல்ஃப் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர், பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்த வருமானமும் தாழிட்டுக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதினார். கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரிகளில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த நூல் அது. கல்லூரி ஆசிரியர் ஒருவரின் துணையோ அறிமுகக் கடிதமோ இல்லாமல் நூலகத்துக்குள் விடமாட்டோம் என்று பெண்ணைத் திருப்பி அனுப்பும் காட்சி அதில் வருகிறது. பெண்களுக்குப் பட்டத்தை முழு உரிமையோடு தருவதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948 வரை எடுத்துக்கொண்டது. நம் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912. ஐரோப்பா எல்லாவற்றிலும் முன்னால் போனது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வருஷங்களையும் சொல்லுங்கள். கூடவே வுல்ஃப் எழுதியதையும் படியுங்கள், உங்கள் வீட்டைப் பற்றியே எழுதியது போல இருக்கும்.

இனி உங்கள் அப்பா அம்மா கேட்கப்போகும் கேள்வி. இதைப் படிச்சா வேலை கிடைக்குமா? கிடைக்காது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் பிளேட்டோவைக் கேட்க மாட்டார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு வேறு படிப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் பொய் சொல்லியும் படிக்காதீர்கள். வேலைக்கான படிப்பு வேலையைத் தரும். வேலை கிடைத்த பிறகு நாற்பது வருஷம் இந்த ஊரில், இந்தச் சாதிகளுக்கும் கட்சிகளுக்கும் நடுவில், எதை ஏற்பது எதை மறுப்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தக் கல்லூரியும் தனியாகத் தாள் வைக்கவில்லை.

இங்கிலீஷ் வராதே என்பது அடுத்த தயக்கம். தேவையில்லை. வட ஆர்க்காட்டு வெங்களத்தூரில் 1895இல் பிறந்த வெ.சாமிநாத சர்மா இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். திரு.வி.க.வின் தேசபக்தன், நவசக்தி இதழ்களில் வேலை பார்த்தவர். பிறகு ரங்கூனில் பத்து வருஷம் இருந்து பத்திரிகை நடத்தினார். 1942இல் ஜப்பான் குண்டு விழுந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தார், அந்த நடைப்பயணத்தையும் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். பிளேட்டோவின் அரசியலையும், ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். காரல் மார்க்ஸ் வாழ்க்கையை எழுதினார், கிரீஸ் வாழ்ந்த வரலாறு எழுதினார். சிந்தனை நூலை எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும் தமிழில் எழுதவேண்டும் என்ற பொறுப்பு அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். கதை பிடிக்கும் என்றால் காம்யுவின் அந்நியனை வெ.ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தும், காஃப்காவின் விசாரணையை ஏ.வி.தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தும் நேராகத் தமிழாக்கியிருக்கிறார்கள். காரணமே சொல்லாமல் ஒருவனைக் கைது செய்து, அலுவலகம் அலுவலகமாக அலைய விடும் கதை விசாரணை. தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்க்ஸின் மூலதனத்தைத் தோழர் தியாகு ஆயுள் கைதியாகச் சிறையில் இருந்தபடி தமிழாக்கினார். நேரமில்லை, இடமில்லை என்று சொல்லத் தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை இதுதான். தனியாகப் படித்தால் இரண்டாவது வாரம் நின்றுவிடும். ஒரே பஸ்ஸில் போகிற நான்கைந்து பேர் சேருங்கள். வேறு வேறு பாடம் படிப்பவர்களாக இருந்தால் ரொம்ப நல்லது. வேறு வேறு தெருக்காரர்களாக இருந்தால் அதைவிட நல்லது. ஒரு செமஸ்டருக்கு ஒரு நூல் போதும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், கிளை நூலகத்திலோ யார் வீட்டுத் திண்ணையிலோ. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். தேர்வு மாதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், முடிந்ததும் தொடருங்கள். முதல் நூலாகக் கிரீஸ் வாழ்ந்த வரலாற்றை எடுங்கள். அதில் ஆதென்ஸ் பற்றிய பகுதியை முடித்ததும், குடவோலைக் கல்வெட்டின் வாசகத்தை அச்செடுத்துக்கொண்டு எல்லோருமாக வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சுவரோடு ஒப்பிட்டு வரி வரியாகப் படியுங்கள். அடுத்த கிராமசபையில் உங்களில் ஒருவர் எழுந்து ஏரிக் கணக்கைக் கேளுங்கள்.

வெ.சாமிநாத சர்மாவின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை; இணையத்தில் தேடி உங்கள் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து வரலாற்று ஆசிரியன்